செவலைக் கன்று எப்போது மயிலை ஆச்சு? புத்தகம் எழுத ஒரு கோச்சோடு வேலை செய்த கதை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று முப்பத்துநான்கு வருஷம் கால்நடை ஆய்வாளராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையும் காங்கேயம் மாட்டையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். எழுதியது நான்தான். ஆனால் எட்டு மாதம் ஒருவர் கூடவே வந்தார். கோயம்புத்தூர்க்கார அம்மிணி. இந்த வேலைக்கு இப்போது 'புக் கோச்' என்று பெயர். எங்கள் ஊரில் சொன்னால், "கபடிக்குத்தானே கோச் இருப்பாங்க?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

புத்தகம் எழுதுகிறேன் என்று என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பதெல்லாம் அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான். ஆளை எப்படிப் பிடிப்பது, காசு எவ்வளவு, அவர் என்ன செய்வார், நாம் என்ன செய்யணும். நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததைச் செப்பம் செய்கிறவர் எடிட்டர். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்க்கிறவர் புரூஃப் ரீடர். பக்கம் கட்டுகிறவர் லே-அவுட் ஆள். கோச் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். புத்தகம் நம் தலைக்குள் அரைகுறையாகக் கிடக்கும்போதே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பவர். அவர் நமக்காக எழுதித் தர மாட்டார். எழுதித் தருகிறேன் என்றால் அது வேறு தொழில், கூலியும் வேறு.

ஆள் பிடிக்கும் விஷயத்தில் எனக்கு அடி விழுந்திருக்கிறது. முதலில் ஒரு நிறுவனத்தில் 'பேக்கேஜ்' என்று 38,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். எழுத வழிகாட்டுவார்கள், திருத்துவார்கள், அச்சடிப்பார்கள், விருதுக்கும் அனுப்புவார்களாம். நான் கொடுத்த முதல் அத்தியாயம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. 'மாடு' என்று எழுதிய இடமெல்லாம் 'கால்நடைச் செல்வம்' ஆகியிருந்தது. 'கட்டுத்தரை' 'தொழுவம்' ஆகியிருந்தது. படித்தால் யாரோ மேடையில் பேசுவதுபோல இருந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லை. காசில் பாதிதான் திரும்பி வந்தது, அதற்கும் நாலு மாதம் நடந்தேன்.

அதனால் இரண்டாவது தடவை ஒப்புக்கொள்ளும் முன்னால் ஐந்து பக்கம் மட்டும் கொடுத்தேன், அதற்குத் தனியாகக் காசும் கொடுத்தேன். ஓசியில் கேட்காதீர்கள், அது அவருடைய வேலை நேரம். அந்த ஐந்து பக்கம் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அவருடைய வாக்கியங்களாக மாறி வந்தால் கும்பிடு போட்டு விடலாம். ஓரமெல்லாம் கேள்வியாக வந்தால் பிடித்துக்கொள்ளலாம். அவரோடு வேலை செய்து புத்தகம் போட்ட இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். விற்பனைக்கும், நூலக ஆர்டருக்கும், விருதுக்கும் உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். மழைக்கு உத்தரவாதம் தருகிறவரை நம்புவோமா?

எனக்குத் திரும்பி வந்த ஐந்து பக்கத்தில் இருபத்தொரு கேள்வி இருந்தது.

காசு பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது ஒரு பக்கக் காகிதம்தான். மாதம் 4,000 ரூபாய், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை போன் பேச்சு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், அதற்கு முந்தின புதன்கிழமைக்குள் நான் பத்துப் பக்கம் அனுப்பணும். கடைசிச் சொல் எழுதுகிறவருடையது, உரிமை முழுக்க எழுதுகிறவருக்கே, இருவரில் யார் வேண்டுமானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இவ்வளவுதான். மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டாமல் மாதாமாதம் கொடுப்பது இருவருக்குமே நல்லது.

முதல் சனிக்கிழமை, "இது யாருக்குங்ண்ணா?" என்று கேட்டார். பொதுமக்களுக்கு என்றேன். "பொதுமக்கள் புஸ்தகம் வாங்க மாட்டாங்க. ஒரே ஒரு ஆள் பேரைச் சொல்லுங்க." யோசித்துப் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நாலு மாடு வாங்கிக் கட்டலாம் என்று நிற்கிற என் அக்கா பேரன்தான் நினைவுக்கு வந்தான். அவன் பெயரை ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைக்கச் சொன்னார். அந்த ஒரு அட்டையால் புத்தகமே புரண்டு படுத்தது. நான் முதலில் வைத்திருந்தது இனத்தின் வரலாறு, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதை வளர்த்த கதை. அவனுக்கு முதலில் வேண்டியது மாடு பார்த்து வாங்குகிற விதம். வரலாறு ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனது. இலாகா மொழியில் எழுதி வைத்திருந்த நோய்ப் பட்டியல் நாற்பது பக்கத்திலிருந்து ஒன்பது பக்கமாகச் சுருங்கியது.

தலைப்பில் உள்ள கன்றுக்கு வருகிறேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் போன்.

"ஏனுங்ண்ணா, பன்னெண்டாம் பக்கத்துல கன்னு செவலைங்கறீங்க. பத்தொம்பதாம் பக்கத்துல அதே கன்னு மயிலைங்கறீங்க. கன்னு மாறிப்போச்சுங்களா?"

எனக்குச் சிரிப்பு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது சிவப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போல ஆனால் வெளுத்து மயிலை, அதாவது சாம்பல் கலந்த வெள்ளை நிறத்துக்கு வரும். இதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. முப்பத்துநான்கு வருஷமாகக் கண்ணால் பார்த்ததை யாராவது எழுதி வைப்பார்களா? ஆனால் என் அக்கா பேரன் செவலைக் கன்றை வாங்கிக் கட்டிவிட்டு, நிறம் மாறுகிறதே, ஏமாற்றிவிட்டார்கள் என்று தரகரிடம் சண்டைக்குப் போயிருப்பான். கோச்சுக்கு மாடு தெரியாது. அதனால்தான் அவர் உபயோகப்பட்டார். உங்கள் துறை தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். தெரிந்தவர் நீங்கள் தாண்டுகிற இடத்தில் அவரும் சேர்ந்து தாண்டிவிடுவார்.

இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறேன். ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரைத் தேருக்குக் கூடும் மாட்டுச் சந்தையைப் பற்றி நான் எழுதியிருந்தது இது: 'கண்ணபுரம் சந்தை மிகவும் புகழ்பெற்றதாகும். இங்கு பல ஊர்களிலிருந்தும் விவசாயிகள் வந்து மாடுகளை வாங்கியும் விற்றும் செல்கின்றனர்.' ஓரத்தில் கோச் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: 'துண்டுக்கடியில் என்ன நடக்கிறது?' போனில் எப்போதோ தரகர் பேரத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

திருப்பி எழுதியது: 'தரகர் வாயைத் திறக்க மாட்டார். இடது கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, விற்கிறவர் கையைத் துண்டுக்கடியில் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். விற்கிறவர் முகத்தை மட்டும் பாருங்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் விலை பத்தவில்லை.' அதற்கப்புறம் 'மிகவும் புகழ்பெற்ற' என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

எழுத முடியாமல் நிற்கிற இடமும் வரும். எனக்கு 2016. வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த வருஷம். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வேரோடு காய்ந்து, வெள்வேல மரத்துக் காயைப் பொறுக்கிப் போட்டு மாட்டைக் காப்பாற்றினார்கள். சோளத்தட்டு விலை எட்டாமல், கட்டுத்தரையில் பிறந்து வளர்ந்த மாட்டை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அந்த அத்தியாயத்தை நான் ஆறு வாரம் அனுப்பவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். மூன்றாவது சனிக்கிழமை கோச் சொன்னார்: "எழுத வேண்டாங்ண்ணா. எங்கிட்டச் சொல்லுங்க, நான் கேக்கறேன்." ஒரு மணி நேரம் பேசினேன். என்னைக் கேட்டுக்கொண்டே அதைப் பதிவு செய்து, பதிவை எனக்கே அனுப்பி வைத்தார். அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினேன். புத்தகத்தில் நல்ல அத்தியாயம் அதுதான் என்கிறார்கள். பொய் சொல்லி வீணாக்கிய ஆறு வாரத்துக்கும் சேர்த்து நான் மாதக் காசு கொடுத்தேன் என்பதையும் கவனியுங்கள். சிக்கிக்கொண்டால் உடனே சொல்லிவிடுவது லாபம்.

(கைபேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியையும் பயன்படுத்தினேன். நம் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. 'கட்டுத்தரை' என்றால் 'கட்டுத் திரை' என்று போட்டது. விரல் ஓடாதவர்களுக்கு உதவும், ஆனால் அன்றைக்கே திருத்திவிடணும். ஒரு வாரம் விட்டால் என்ன சொன்னோம் என்று நமக்கே தெரியாது.)

கோச் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டோம். வட்டாரச் சொல்லுக்கெல்லாம் கடைசியில் ஒரு அகராதி போடலாம் என்றார். நான் முடியாது என்றேன், யார் பின்னால் புரட்டிப் பார்ப்பார்கள்? சொல் முதல் முறை வரும் வாக்கியத்திலேயே பொருள் தெரிகிற மாதிரி எழுதுவது என்று முடிவானது. 'மாட்டைக் கட்டுத்தரையில் கட்டி, முளைக்குச்சி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு' என்று எழுதினால் கட்டுத்தரை என்னவென்று புரியாதா? இன்னொன்று, மாட்டு உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து நல்லது கெட்டது பார்க்கிற சுழி அத்தியாயம். மூடநம்பிக்கை, எடுத்துவிடலாம் என்றார். சுழி பார்க்காமல் எங்கள் பக்கம் மாடு விலை போகாது, நம்பிக்கையோ இல்லையோ வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கணும் என்றேன். இருந்தது. முரண்டு பிடிக்கும்போது காரணம் சொல்லத் தெரிந்தால் உங்கள் பக்கம் நியாயம். சொல்லத் தெரியவில்லை என்றால் ராத்திரி படுத்து யோசித்துவிட்டுக் காலையில் பேசுங்கள்.

அப்புறம் வெளியீடு. இங்கே கோச் வழி சொல்வார், நடக்க வேண்டியது நாம்தான். பதிப்பகத்துக்குக் கொடுத்தால் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றுதான் கணக்கு. 'என்றென்றைக்கும்' என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். உரிமை நம் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் சொத்து அது.

நான் சொந்தமாகவே போட்டேன். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை வடிவமைப்புக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். புரூஃப் பார்க்கக் கோச்சையே கேட்டேன். "நாலு தடவை படிச்சுட்டனுங்க, என் கண்ணு தப்பைத் தாண்டிப் போயிரும்" என்று வேறொரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரைக் கைகாட்டினார். அவர் முந்நூற்றுக்கு மேல் ஒற்றுப்பிழை எடுத்தார். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த இரண்டு அத்தியாயத்தை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன. மாற்றிய கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். என் புத்தகம் 180 பக்கத்தில் நின்றது. நாலு பக்கத்தைக் குறைத்தால் சரியாகப் பதினோரு ஃபாரம் என்றார் அச்சகத்துக்காரர். எந்த நாலு பக்கம் என்பதைக் கோச் பத்து நிமிஷத்தில் சொன்னார்: என்னுடைய நன்றியுரை. டெமி அளவு, 500 பிரதி. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறார்களே, அந்தக் காகிதம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டேன். எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. சொந்தமாகப் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான்.

நாள் குறிக்கும்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில். அதற்குப் புத்தகம் வேண்டும் என்றால் ஜூலை முதல் வாரம் அச்சுக்குப் போகணும், ஜூனில் புரூஃப், மே மாதம் எழுத்து முடிந்திருக்கணும். எழுதினது போதும் என்று என் கையைப் பிடித்து நிறுத்தியது கோச்தான். இல்லாவிட்டால் இன்னும் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. அச்சுக்கு முன்னால் மாட்டுத் தொழில்காரர் ஒருவருக்குப் படிக்கக் கொடுக்கச் சொல்லியிருந்தார் கோச். எனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். அடுத்த சித்திரையில் கண்ணபுரத்தில் பழக்கமான தரகர் ஒருவருக்குப் புத்தகம் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சந்தைப் பக்கத்தை மட்டும் படித்தார். "எல்லாம் சரிங்க சார். துண்டை எடது கையிலயா போடறோம்?" என்று வலது கையை நீட்டிக் காட்டினார். அங்கிருந்தே கோச்சுக்குப் போன் செய்தேன். "ரெண்டாம் பதிப்புக்குன்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சுக்கோங்ண்ணா" என்றார்.