கோச்சிப் பயணத்துக்கு ஒரு புத்தகம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் போனால் ஏழெட்டு மணித்தியாலமாவது ஆகும். வழியில் சிக்னல் வரும், போகும். மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு யோசனை: கல்லடியிலோ கல்முனையிலோ வைஃபை இருக்கும்போதே ‘ப்ரோ கிட்’ புத்தகத்தை பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். கிட் என்பது நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். ஸ்காட் சாக்கனும் பென் ஸ்ட்ராப்பும் எழுதியது. இரண்டாம் பதிப்பு 2014இல் வந்தது. கிட்டின் சொந்த இணையத்தளத்திலேயே இலவசம், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்காதீர்கள். 2ஆம், 3ஆம் அத்தியாயங்களை முடித்துவிட்டு நேரே 10க்குத் தாவுங்கள். கோப்புகளையும் கமிட்டுகளையும் (அவ்வப்போது பதிந்து வைக்கும் நிலைகள்) கிட் உள்ளே எப்படிச் சேமிக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. பிரான்ச் (தனியாகப் பிரித்து வேலை செய்யும் கிளை) என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் சின்னக் குறி மட்டும்தான் என்று விளங்கிவிட்டால், மெர்ஜ் (கிளைகளை இணைப்பது), ரீபேஸ் (ஒரு கிளையின் கமிட்டுகளை இன்னொன்றின் மேல் மறுபடி அடுக்குவது) பயம் பாதி போய்விடும். இதை வாசிக்காமல் நான் இரண்டு வருடம் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், வேறென்ன சொல்ல! மடிக்கணினி கையில் இருந்தால் வெற்றுக் கோப்புறை ஒன்றில் ‘கிட் இனிட்’ (அந்தக் கோப்புறையில் கிட்டைத் தொடங்கும் கட்டளை) கொடுத்து, வாசிக்க வாசிக்கச் செய்து பாருங்கள். அதற்கு இணையம் தேவையே இல்லை.

அப்புறம், குழுவாக வேலை செய்பவர்களுக்கு ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய ‘த மிதிகல் மேன்-மந்த்’ என்ற புத்தகம். பிந்திப்போன திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். உதாரணங்கள் பழசு. மேலாளரிடம் பேசப் போகுமுன் அந்தப் பேச்சு வரும் ஓர் அத்தியாயம் போதும்.