அறுபதாவது நாளைத் தவறவிடாதீர்கள்: கைதானவர் வீட்டார் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவரைப் போலீஸ் அழைத்துப்போனதும் பலர் முதலில் தேடுவது தெரிந்த கட்சிக்காரரை, இல்லையென்றால் ஸ்டேஷனில் பழக்கமுள்ள புரோக்கரை. அந்த அலைச்சலில் போகும் இரண்டு நாள் திரும்பக் கிடைக்காது. முதலில் வக்கீலைப் பாருங்கள். கையில் பணம் இல்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் மட்டும் வந்தால் பயந்து ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆஜராகாவிட்டால் அந்தக் காரணத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை. கைதுக் குறிப்பில் போடலாம், படித்துப் பார்த்த பிறகு. வெற்றுத்தாள் நாளைக்குப் பொருள் கைப்பற்றிய மகஜராக, அதாவது உங்களிடமிருந்து பொருளைப் பிடித்ததாகச் சொல்லும் ஆவணமாக, மாறலாம்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சில சமயம் அது மாஜிஸ்திரேட்டின் வீட்டு வாசலில், ராத்திரி பத்து மணிக்கு நடக்கும். "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். பின்னால் அதே போலீஸ்காரர் நிற்பார். பயத்தில் "இல்லைங்க ஐயா" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். காயம் இருந்தால் அங்கேயே சட்டையை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: நாள் எண்ணாமல் இருப்பது. முதல் ரிமாண்ட் நாளிலிருந்து, அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முதலில் உத்தரவிட்ட நாளிலிருந்து, 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். தாண்டினால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (BNSS) இது 187-ஆவது பிரிவு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காலண்டரில் ரிமாண்ட் நாளை வட்டமிட்டு, அந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். கெடு முடிந்த மறுநாள் காலை கோர்ட் திறக்கும்போதே மனு தயாராக இருக்கட்டும்.

ஜாமீன் கிடைத்தபின் ஒரு வாய்தாவுக்குப் போகாவிட்டாலும் பிடிவாரண்ட் வரலாம். உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையே வக்கீலிடம் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். வாரண்ட் வந்துவிட்டதா? ஒளியாமல் வக்கீலோடு கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுப் போடுங்கள்.