பேசும்போது நாய் தலையைச் சாய்ப்பது ஏன்? வீட்டிலேயே கவனித்து அறியும் முறை

“வெளியே போகலாமா?” என்று கேட்டவுடன் பல நாய்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து நம் முகத்தையே உற்றுப் பார்க்கும். எல்லா நாய்களுக்கும் பொருந்தும் ஒரே காரணம் இதற்கு இல்லை என்றாலும், உங்கள் நாய் எந்தச் சொல்லுக்கு, எந்தச் சூழலில் தலையைச் சாய்க்கிறது என்பதைச் சில நாட்கள் முறையாகக் கவனித்தால் காரணத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். இதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் நாய்க்குப் பழக்கமான இரண்டு பொம்மைகளும் போதும்.

படி 1: நோய் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. யாரும் பேசாத வேளையிலும் தலை ஒரே பக்கம் சாய்ந்தபடி இருந்தாலோ, நாய் காதை ஓயாமல் சொறிந்தாலோ, காதிலிருந்து நாற்றம் வந்தாலோ, அது தள்ளாடி நடந்தாலோ, கண்கள் தாமாகவே பக்கவாட்டில் துடித்தாலோ, காதுத் தொற்றோ உட்காதிலுள்ள சமநிலை உறுப்பின் கோளாறோ இருக்கக்கூடும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் மருந்தும் உள்ளே இறங்கித் தீங்கு செய்யும் என்பதால், அவர் பார்க்கும்வரை காதில் எதையும் ஊற்றாதீர்கள்.

படி 2: சொற்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்

முதல் வகை, நாய்க்குப் பொருள் தெரிந்த சொற்கள்: அதன் பெயர், “சோறு”, “பந்து” போன்றவை. இரண்டாம் வகை, அது இதுவரை கேட்டிராத சொற்கள். இவற்றையும் அதே கொஞ்சும் குரலில் சொல்ல வேண்டும். மூன்றாம் வகை, தெரிந்த சொற்களையே ஏற்ற இறக்கமின்றிச் சொல்வது. சொல்லையும் தொனியையும் இப்படிப் பிரிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 13 நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் ஒன்றுசேர்ந்தபோதுதான் மகிழ்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அதிகம் தூண்டப்பட்டன.

படி 3: பதிவு செய்யுங்கள்

நாய் பசியாகவோ களைப்பாகவோ இல்லாத நேரத்தில், அதன் முகம் நேராகத் தெரியும்படி கைப்பேசியை நிறுத்தி வையுங்கள். கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. ஒரு சொல்லை ஒரே முறை சொல்லிவிட்டுச் சில நொடிகள் அமைதியாக இருங்கள். மூன்று வகைச் சொற்களையும் கலந்து சொல்லுங்கள்.

நாய் தலையைச் சாய்த்ததும் சிரிப்பதும் தடவிக்கொடுப்பதும் நமக்கு இயல்பு. ஆனால், சாய்த்தால் அன்பு கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொண்டால் பிறகு அது எந்தச் சொல்லுக்கும் சாய்க்கும். ஆகவே, பதிவு முடியும்வரை முகத்தை இயல்பாக வைத்திருங்கள். கொஞ்சுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

ஒலி வரும் திசையைத் துல்லியமாக அறியத்தான் நாய் தலையைச் சாய்க்கிறது என்பது ஒரு விளக்கம். நீண்ட மூக்கு நம் வாயை மறைப்பதால், முகத்தை நன்றாகப் பார்க்கச் சாய்க்கிறது என்பது ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் முன்வைத்த கருத்து. அவர் 582 நாய் வளர்ப்பாளர்களிடம் கேட்டதில், நீண்ட மூக்குள்ள நாய்களை வளர்ப்போரில் 71 விழுக்காட்டினரும், பக் போன்ற தட்டை முக நாய்களை வளர்ப்போரில் 52 விழுக்காட்டினரும் தங்கள் நாய் அடிக்கடி சாய்ப்பதாகக் கூறினர். தட்டை முக நாய்களிலேயே பாதிக்கு மேல் சாய்க்கும்போது, மூக்கை மட்டும் காரணமாகச் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நாயின் இடப்புறமும் வலப்புறமும் நின்று பேசிப் பாருங்கள். முகம் தெரியாதபடி கதவுக்குப் பின்னிருந்தும் பேசுங்கள். அப்போதும் சாய்த்தால், உங்கள் முகத்தைப் பார்ப்பது அதன் நோக்கமாக இருக்க முடியாது.

படி 5: குறிப்புகளை ஒப்பிடுங்கள்

தெரிந்த சொற்களுக்கே பெரும்பாலும் சாய்த்திருந்தால், நாய் கேட்ட சொல்லை நினைவில் தேடுகிறது என்று கருத இடமுண்டு. புடாபெஸ்டின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. பொம்மைகளின் பெயர்களைக் கற்கும் அரிய திறன் பெற்ற 7 நாய்கள், “இன்ன பொம்மையை எடுத்து வா” என்று கேட்டபோது 43 விழுக்காடு முறை தலையைச் சாய்த்தன. அத்திறன் இல்லாத 33 நாய்களோ 2 விழுக்காடு முறை மட்டுமே சாய்த்தன. உரிமையாளர் எங்கு நின்றாலும் ஒவ்வொரு நாயும் தனக்கென ஒரு பக்கத்தையே பெரும்பாலும் தேர்ந்தது. எனவே, உங்கள் குறிப்பேட்டிலும் இடமா வலமா என்று எழுதி வையுங்கள்.

படி 6: பொம்மைகளைக் கொண்டு சரிபாருங்கள்

இரண்டு பொம்மைகளுக்கும் பெயர் சூட்டி, விளையாடும்போதெல்லாம் அப்பெயர்களைச் சொல்லிப் பழக்குங்கள். பிறகு அவற்றை அடுத்த அறையில் வைத்து, ஒன்றின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை எடுக்கும்போது தற்செயலாகவே பாதி முறை சரியாக அமைந்துவிடும் என்பதால், ஓரிரு வெற்றிகளை வைத்து முடிவெடுக்காமல் பல நாட்கள் தொடருங்கள். பெயரைக் கேட்டதும் தலையைச் சாய்த்ததா, சரியான பொம்மையைக் கொண்டுவந்ததா என்ற இரண்டையும் ஒவ்வொரு முறையும் அருகருகே எழுதுங்கள்.