சமணர் மலை: "சின்ன மலைதானே" என்று கிளம்பாதீர்கள்

கீழக்குயில்குடிக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்பதைத்தான். மதுரையிலிருந்து தேனி சாலையில் போய், நாகமலைப் புதுக்கோட்டையில் பிரிந்து உள்ளே நுழைந்தால் ஊர் வந்துவிடும். தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் சமணர் மலை. கீழே நின்று பார்த்தால் அரை மணி நேர வேலை என்று தோன்றும். இங்கே நடக்கிற எல்லாத் தவறுகளும் அந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, தாமதமாகக் கிளம்புவது. ஒரு மே மாதம் குடும்பத்தோடு போனோம். இட்லி வேகட்டும், பிள்ளைகள் எழுந்திரிக்கட்டும் என்று இழுத்து, மலையடிவாரத்துக்கு வந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. மலையேறும் வழியில் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேலே நிழல் என்பதே கிடையாது. வெயில் தலையில் இறங்குவது ஒரு பக்கம், பாறை வாங்கி வைத்த சூடு கீழிருந்து முகத்தில் அடிப்பது இன்னொரு பக்கம். பிடித்து ஏறுவதற்கு வைத்திருக்கும் இரும்புக் கம்பியைத் தொட முடியவில்லை. என் சித்தி நடுப்பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, "தல கிறுகிறுங்குதுடா" என்றார். துண்டை நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் போட்டு, இரண்டு பேர் சேலையை விரித்து நிழல் பிடித்து, கால் மணி நேரம் கழித்து மெதுவாக இறக்கினோம். அன்றைக்கு உச்சியை யாரும் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், காலை ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் நில்லுங்கள். ஒன்பதரைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் ஏறலாமே என்பார்கள். பாறை அதற்குள் ஆறியிருக்காது. இறங்கும்போது இருட்டும் சேர்ந்துகொள்ளும். மார்கழி, தை மாதங்கள் மிகவும் நல்லவை. பங்குனி முதல் ஆனி வரை வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் உச்சிக்குக் கூட்டிப் போக வேண்டாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். உட்காரவைத்து, உடம்பை நனைத்து, தண்ணீர் கொடுத்து இறக்கப் பாருங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். நான்கு பேருக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று என்று கொண்டுவருகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். மேலே கடை கிடையாது. பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போக வேண்டாம். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

செருப்பு. வீட்டு ரப்பர் செருப்போடு ஏறுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஏறும்போது அது தாங்கிவிடும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முன்விரலில் வந்து விழ, வார் பிய்ந்துகொள்ளும். அப்புறம் சூடான பாறையில் வெறுங்காலோடு இறங்க வேண்டியதுதான். பின்வார் உள்ள செருப்போ, அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூவோ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் கவனம் வேண்டும்: தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்பாகத் தெரிவது பாசி, அதில் கால் வைத்தால் எந்த ஷூவும் நிற்காது. இறங்கும்போது நேராக இறங்காமல் கொஞ்சம் சாய்வாக, சின்னச் சின்ன அடியாக வைத்தால் முழங்காலும் பிழைக்கும். அய்யனார் கோயிலுக்குள் போகும்போது மட்டும் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். அது ஊர்க்காரர்கள் இன்றும் கும்பிடுகிற கோயில்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறுக்கு வருகிறேன். பாதிப்பேர் பேச்சிப்பள்ளத்தை ஒரு செல்ஃபி இடமாக மட்டும் பார்த்துவிட்டு மேலே ஓடுகிறார்கள். பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். "புத்தர் சிலை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே கடக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். புத்தர் இல்லை, இவை சமணத் திருமேனிகள். தலைக்கு மேலே மூன்று அடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் பெரிய குரு. ஐந்து தலை நாகம் படம் விரித்திருந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். பாகுபலி என்ற சமண முனிவரும் இங்கே இருக்கிறார். இவ்வளவு தெரிந்தாலே பிள்ளைகள் தாங்களாகத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது, சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டியது. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. ஒரு தாய் தன் பெயரையும் பிள்ளை பெயரையும் சேர்த்துக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார். எனக்கு இந்த மலையில் எல்லாவற்றையும் விடப் பெரியது அந்த ஒரு வரிதான். அதைப் பார்க்காமல் உச்சிக்குப் போய் என்ன செய்யப்போகிறோம்?

நடுப்பகலில் வந்தால் அந்த எழுத்து கண்ணில் படாது. வெளிச்சம் நேராக விழும்போது வெட்டின் ஆழமே தெரியாமல் பாறையோடு பாறையாகிவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். வெயில் படாத இடம் என்றால் டார்ச்சைப் பாறைக்கு அருகில் பக்கவாட்டில் பிடியுங்கள், அதே வேலையைச் செய்யும். சிலர் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கிறார்கள், மாவு தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய், குங்குமம், விரலால் வருடிப் பார்ப்பது, எதுவும் வேண்டாம். இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். பெயரைக் கீறினாலும் சேதப்படுத்தினாலும் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் திருத்தியபின், சொல்கிறது. சட்டம் இருந்தும் புதிதாகக் கீறிய பெயர்களைப் பார்க்கிறோம். குணமதியார் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதும் பையனிடம் யாராவது ஒருவர் பக்குவமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. வெறும் கல் வரிசை என்று மிதித்துப் போய்விடாதீர்கள். மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம் அது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில், அவன் அரசி வானவன் மாதேவி பெயரில் எழுந்த சமணப் பள்ளி, அதாவது சமணத் துறவிகளின் மடம்.

அதைத் தாண்டியபின் வழி தவறுவது சுலபம். வெறும் பாறையில் ஒற்றையடிப் பாதை என்று ஒன்று இருக்காது. பாறையில் வெட்டிய கால்படிகளைக் கண்ணால் தேடிக்கொண்டே ஏற வேண்டும். குறுக்கு வழி என்று விளிம்புப் பக்கம் ஒதுங்க வேண்டாம். தேனடை கண்ணில் பட்டால் சத்தம் போடாமல், புகை போடாமல் விலகிப் போய்விடுங்கள்.

உச்சியில் தீபத்தூண். அருகில் பாறையில் கன்னட எழுத்து இருக்கிறது, எங்கிருந்தெல்லாம் இந்த மலையைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. தூணடியில் நின்றால் காவல் கோபுரத்தின் மேல் நிற்பது போல நாலா பக்கமும் திறந்துகொள்ளும். நாகமலை நீளமாக ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். ஆனைமலை, பசுமலை, நாகமலை மூன்றும் மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானை, பசு, நாகம் என்று திருவிளையாடல் கதை சொல்லும். அந்தக் கதையைச் சமணர் மலையின் உச்சியில் நின்று நினைத்துப் பார்ப்பது தனி அனுபவம். இங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஏறி, படம் எடுத்து, ஐந்தே நிமிடத்தில் இறங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

கடைசியாகச் செட்டிப்புடவு. இறங்கியதும் "எல்லாம் பார்த்தாச்சு" என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அது மலையின் இன்னொரு பக்கத்தில், தனி வழியில் இருக்கிறது. அங்கே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று நினைத்து ஊர் மக்கள் வைத்த பெயர் அது. புடவு என்றால் குகை. முன்னால் இருக்கும் அந்தச் சிற்பத்தோடு திரும்பிவிடாதீர்கள். குகைக்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்து பாருங்கள். மேல்பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். ஓரத்தில் ஒரு பெண், சிங்கத்தின் மேல் ஏறி, நாணை இழுத்த வில்லோடு, எதிரே யானை மேல் வரும் வீரனோடு போர் செய்கிறாள். உள்ளே வெளிச்சம் குறைவு. டார்ச்சை வண்டியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.