காணிக்காரரோடு காட்டு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தானியங்கி கேமரா வைக்கப் போகிறீர்களா? முதலில் மேப்பை மடித்து வையுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் செக்போஸ்ட்டையே தாண்ட முடியாது, சரி, ஆனால் உள்ளே போனபின் வழி காட்டப்போவது அந்தத் தாள் இல்லை, காரையாறு, மயிலாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்ப்பவர்கள்தான். முதல் நாள் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்து, என்ன ஆய்வு, படம் யார் கைக்குப் போகும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேமரா வைக்கும் இடத்தை அவர்களிடமே கேளுங்கள். நான் மேப்பில் குறித்துக்கொண்டு போன இடத்தைப் பார்த்த ஒரு அண்ணன், "இது மிளா தடம் சார், புலி ஓடைய ஒட்டி சுத்தித்தான் வரும்" என்று இருநூறு அடி தள்ளிக் கூட்டிப்போனார், அங்கே மரத்தில் நகக் கீறல் இருந்தது. எந்தப் புலி என்று வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், புலிக்கு இரண்டு பக்கமும் வரி வேறு வேறு, அதனால் தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கேமரா. முன்னால் இருக்கும் புல்லை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் புல் ஆடுகிற படமாக ஆயிரம் வரும். சோதிக்க யாராவது நாலு காலில் தவழ்ந்து போகவேண்டும். எங்கள் கார்டில் முதல் படம் அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே தவழ்வதுதான்.

கடமானைத்தான் இங்கே மிளா என்கிறார்கள், படிவத்தில் கடமான் என்று மட்டும் போடாதீர்கள், மிளா என்றும் போடுங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் கூட்டம் நெரியும், பக்கத்துக் கேமராக்களை முன்னாடியே கழற்றிவிடுங்கள்.

விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களும் கேமராவில் விழுவார்கள். அந்தப் படங்களை என்ன செய்வது என்று அவர்களோடு முதலிலேயே பேசி முடிவெடுங்கள், அப்புறம் பேசினால் நம்பிக்கை போய்விடும்.

கூலியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மழையில் சும்மா உட்கார்ந்த நாளுக்கும் சேர்த்து. கட்டுரையில் பெயர் போட வேண்டுமா என்று கேட்டுப் போடுங்கள். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987இல் காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள், அதிலிருந்து வந்த ஜீவனி மருந்தின் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. அதனால் போகிற வழியில் அவர்கள் சொல்லும் மூலிகையைக் கேட்காமல் நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வேலை முடிந்ததும் படங்களைக் குடியிருப்பில் போட்டுக் காட்டுங்கள். லேப்டாப்பில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள், கரடி படத்தைப் பத்து தடவை போடச் சொல்வார்கள்.