வெளிநாட்டு லீக்குக்குக் கிளம்பும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருஷம் ஒரு ஊர், அடுத்த வருஷம் வேறு ஊர் என்று கிளப் மாறிப் பிழைக்கும் கூடைப்பந்து ஆட்டக்காரனின் வேலை நம் சிங்கப்பூரில் பலருக்குப் புரியாது. இங்கே முழுநேரமாக ஆட சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியை விட்டால் பெரிதாக வழியில்லை. அந்த அணியே 2006இல் ஆஸ்திரேலிய லீக்கில் தொடங்கி, 2009இல் ஆசியான் லீக்குக்கு மாறி, 2020இல் கொரோனாவால் பருவம் பாதியில் நின்று, ஏகப்பட்டது பார்த்துவிட்டது. அதனால் பையன்கள் வெளியே போகிறார்கள். எங்கள் செட் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள். தண்ணி போடாதே, பயிற்சிக்கு நேரத்துக்குப் போ என்பதையெல்லாம் அவரவர் அம்மாவே சொல்லியிருப்பார், விடுங்கள்.

சம்பளப் பக்கத்தை மட்டும் படிப்பது

தேக்காவில் பரோட்டாவுக்கு நடுவே ஒருவன் கைபேசியில் ஒப்பந்தத்தைத் திறந்தான். நேராகத் தொகை இருக்கும் பக்கத்துக்குத் தள்ளி, குழம்பு படாத சுண்டுவிரலால் அதைப் பெரிதாக்கிக் காட்டினான். சரி, நல்ல தொகைதான். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை உண்டே, கிளப் டாக்டர் முட்டி சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒப்பந்தம் அன்றே முடியும் என்று அடுத்த பக்கத்திலேயே போட்டிருந்தது. சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டா, காயம்பட்டால் தொடருமா, தகராறு வந்தால் எங்கே போவது, இவற்றைப் பார்த்த பிறகு தொகையைப் பாருங்கள்.

டிக்கெட்டுக்காகக் கையெழுத்துப் போடுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கிளப் முதலில் கைவைப்பது வெளிநாட்டு ஆட்டக்காரன் மேல்தான். மேனேஜர் அறைக்கு வருவார், முகத்தில் அதுவரை பார்க்காத பாசம் இருக்கும். கையில் ஒரு தாள், அதன் மேல் விமான டிக்கெட்டின் பிரிண்ட். தாளில் பாதி அந்த ஊர் மொழி, கீழே கிளப் முத்திரை முன்கூட்டியே குத்தியிருக்கும். "சும்மா ஃபார்மாலிட்டி பிரதர், காலையில் ஃப்ளைட்" என்பார். இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம், ஒருவருக்கொருவர் பாக்கி எதுவும் இல்லை என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும் விஷயம். என்னோடு அறையில் இருந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் சம்பளப் பாக்கியோடு அப்படிப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் பணம் வரும் என்றார்கள், வரவில்லை. கேட்டதற்கு அவர் கையெழுத்தையே படம் பிடித்து அனுப்பினார்கள்.

பையன்களுக்கு இரண்டு பயம். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொள்வோமோ என்பது ஒன்று. இந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து சில நூறு வெள்ளியில் வந்துவிடலாம், பாக்கியோ ஆயிரக்கணக்கில்! இன்னொன்று, வேறு நாட்டுக்கு மாற வேண்டிய அனுமதிக் கடிதமான லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் கிடைக்காமல் அடுத்த நாட்டில் ஆட முடியாதோ என்பது. அதைத் தருவது கிளப் இல்லை, அந்த நாட்டுக் கூடைப்பந்து சம்மேளனம். ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மறுக்கலாம். உங்களை வீட்டுக்கு அனுப்பிய கிளப் அதைச் சொல்ல முடியுமா?

2007இல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா (FIBA) தொடங்கிய கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு இந்தத் தகராறுகளைத்தான் பார்க்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்தால்தான் அங்கே போக முடியும், இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணம் உண்டு, கிளப் தன் பங்குச் செலவைக் கட்டாவிட்டால் அதையும் நீங்கள்தான் முதலில் கட்டவேண்டி வரும். ஆனால் தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய ஃபீபா தடை போடலாம், அதற்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள். பாக்கி இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் நடுவர் என்ன செய்வார்?

எனவே தாளைப் படம் எடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு வரவேண்டும் என்று அன்று இரவே மின்னஞ்சல் போடுங்கள், வாட்ஸ்அப் போதாது. போட்டே ஆகவேண்டிய நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே பாக்கித் தொகையைப் பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் சமீபத்தில் ஒருவன் போட்டுவிட்டு வந்து, "நல்ல ஆளுங்கண்ணே, ஏர்போர்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க" என்கிறான். வழியனுப்பாமல் என்ன செய்வார்கள்!

லைசன்ஸ் இல்லாத ஏஜெண்ட்

ஃபீபா பட்டியலில் பெயர் இல்லையென்றால் பேச்சை முடியுங்கள்.

ஆட்டத்துக்கு இருபது பாயிண்ட் அடிக்கும் ஆள் என்ற நினைப்பு

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் அதிக அணிகளுக்கு ஆடியவர் இஷ் ஸ்மித், மொத்தம் 13 அணி. 2023இல் டென்வர் பட்டம் வென்றபோது பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். வேகமானவர், போன இடத்து ஆட்டத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்பவர், அதனால்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது என் கணக்கு. உங்கள் வீடியோவில் டங்க் மட்டுமே இருந்தால் கோச் பாதியில் மூடிவிடுவார். டிஃபென்ஸையும் போடுங்கள்.

ஜிம் நண்பன் தரும் பவுடர் டப்பா

வேண்டாம்.

சேமநிதியை மறப்பது

வெளிநாட்டு கிளப் உங்கள் மத்திய சேமநிதியில் ஒரு காசு போடாது. மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி பிரீமியம் மட்டும் வருஷம் தவறாமல் வரும். பிடிஓ எனும் புது வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலர் கணக்கைத் திறந்தே பார்க்கிறார்கள். சம்பளம் வரும் மாதங்களில் நீங்களாகவே கொஞ்சம் போட்டு வையுங்கள்.

தேசிய சேவைக்கு முன் கிளம்புவது

மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்சிட் பெர்மிட் என்ற அனுமதி வேண்டும். அது கைக்கு வந்த பிறகு கிளப்புக்குச் சரி சொல்லுங்கள்.