பிறந்தநாளுக்கு ஹோமில் சாப்பாடு போடுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்

சென்னை தண்டையார்பேட்டை பக்கம் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்தும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நான் கொஞ்ச காலமாகப் போய் வருகிறேன். ஆபீஸ் ரூம் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும், சாப்பாடு சொன்னவர்கள் பெயரை அதில்தான் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுத இடமே இருக்காது, செவ்வாய், புதன் எல்லாம் காலி. ஒரு ஞாயிறு நான் இருந்தபோது மூன்றாவது கேக் வந்தது. பிள்ளைகள் மூன்றாவது தடவையாகக் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாடினார்கள், ஒரு குட்டிப் பெண் மட்டும் மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்காமல் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். கேட்டதற்கு, "நாளைக்கு ஸ்கூலுக்கு" என்றாள்.

அதனால் முதல் வேலை போன். என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் "நீங்க எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்பார்கள், அதோடு முடிந்தது. இந்த மாதம் எது தீர்ந்துபோச்சு என்று கேளுங்கள், அப்போதுதான் நிஜமான லிஸ்ட் வரும்: நாப்கின், தேங்காய் எண்ணெய், பேன் மருந்து, உள்ளாடை, கேஸ் சிலிண்டர் காசு. தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆளுக்கு ரெண்டு புது டிரெஸ் வந்துவிடும், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஷூவுக்கு ஆள் இருக்காது. ஷூ வாங்கினால் கால் அளவைக் கேட்டு வாங்குங்கள், நோட்டு மொத்தமாக வேண்டுமானால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விடுங்கள். பழைய துணி கொடுப்பதில் தப்பில்லை, துவைத்து, பட்டன் சரிபார்த்து, உங்கள் பிள்ளைக்கே போடுவீர்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள். வெளியில் சமைத்த சாப்பாட்டைச் சில இடங்களில் வாங்க மாட்டார்கள், கோபப்படாதீர்கள், ராத்திரி வயிற்றுப்போக்கு வந்தால் ஓடப்போவது அவர்கள்தான்.

பணம் கொடுப்பதாக இருந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்த இல்லமா என்று கேளுங்கள். சர்ச் நடத்தினாலும் மடம் நடத்தினாலும் மதரஸா நடத்தினாலும் பதிவு கட்டாயம், ஒழுங்கான இடத்தில் சான்றிதழைத் தயங்காமல் காட்டுவார்கள். வருமான வரிச்சலுகைக்காக நன்கொடை ரசீது (80ஜி என்பார்கள்) வேண்டுமானால் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வரிச்சலுகை கிடைக்காது. அரிசி மூட்டைக்கும் கிடையாது.

அப்புறம் போட்டோ. இதில்தான் நம் ஆட்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்காதீர்கள். கேக்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அம்மா அப்பா எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்கவே கேட்காதீர்கள். நான் போகும் ஹோமில் நிறையப் பேருக்கு அம்மா உண்டு, காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர், வீட்டுவேலை செய்கிறவர் என்று, வாடகை கொடுத்துப் பிள்ளையையும் படிக்கவைக்க முடியாததால் இங்கே விட்டிருக்கிறார்கள். 'அனாதை இல்லம்' என்று அவர்கள் காதுபடச் சொன்னால் எப்படி இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

காசு இல்லையென்றால் வாரம் ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுங்கள், அதற்குத்தான் ஆள் கிடைப்பதே இல்லை. சாயங்காலம் ஜெப நேரம் எது என்று கேட்டு, அதற்கு முன்னாலோ பின்னாலோ போங்கள். மூன்று வாரம் வந்துவிட்டு நிற்பதாக இருந்தால் வேண்டாம், பிள்ளைகள் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ தனியாக ஒரு குழந்தையைப் பார்த்தால், நல்ல ஹோம் தெரியும் என்று நேராக அங்கே கொண்டுபோய் விடாதீர்கள், உங்கள் வீட்டுக்கும் கூட்டிப்போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடியுங்கள். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும், எந்த இல்லம் என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஆள் வரும்வரை ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள்.